இரட்டைப் பிள்ளை முன்கூட்டிப் பிறப்பது தாயின் குற்றமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், இரட்டைக் குழந்தைகளைச் சுமக்கும் பெண்களுக்கான அறிவுரைகள் அண்மையில் வெளியாகியிருந்தன. உணவு, இரும்புச்சத்து மாத்திரை, ஸ்கேன் ஆகியவற்றைப் பற்றி அதில் சொல்லப்பட்டிருந்தவை சரியானவையே. ஆனால், இரட்டைப் பிள்ளைகள் நாள் நிறையும் முன்பே பிறப்பதற்குத் தாய் போதிய ஓய்வு எடுக்காததே காரணம் என்றும், ஐந்தாம் மாதத்திலிருந்தே படுக்கையில் இருந்தால் பிரசவத்தைத் தள்ளிப்போட்டுவிடலாம் என்றும் எழுதப்பட்டிருந்த பகுதியை என்னால் அப்படியே கடந்துபோக முடியவில்லை. வடசென்னையின் அரசு மகப்பேறு வார்டுகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். அந்த இரண்டு வாக்கியங்களும் நம் வீடுகளில் எப்படிப் படிக்கப்படும், யார் மீது பாயும் என்பதை அறிந்திருப்பதால், கருப்பை விரிவதற்கும் வலி தொடங்குவதற்கும் உள்ள தொடர்பை விளக்கி எழுதத் துணிந்தேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது; வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கருவுறாத நிலையில் கருப்பையின் எடை ஏறத்தாழ 70 கிராம். அதன் உள்ளே 10 மில்லி லிட்டர் நீர்கூட நிற்காது. நிறைமாதத்தில் அதே கருப்பை 1,100 கிராம் எடையோடு, பிள்ளையும் நஞ்சும் (நஞ்சுக்கொடி) பனிக்குட நீருமாகச் சேர்த்துச் சராசரியாக 5 லிட்டர் கொள்ளளவுக்கு விரிந்து நிற்கிறது. இரட்டைப் பிள்ளையோ மிகுதியான பனிக்குட நீரோ இருந்தால் இந்த அளவு இன்னும் பெரிது. முதல் 12 வாரங்களில் நிகழும் வளர்ச்சிக்குப் பெரும்பாலும் ஹார்மோன்களே காரணம். கரு கருப்பைக்குள் தங்காமல் கருக்குழாயில் தங்கிவிட்ட பெண்களுக்கும் அந்த வாரங்களில் கருப்பை சற்றுப் பருப்பதை மருத்துவர்கள் காண்கிறார்கள். அதன் பிறகு உள்ளிருந்து தள்ளும் பிள்ளையின் அழுத்தமே வளர்ச்சியைத் தூண்டுகிறது; தசைச் செல்கள் நீண்டும் பருத்தும் இடம் கொடுக்கின்றன. ஆகவே, கருப்பை விரிவது பெரும்பாலான மாதங்களுக்குத் தீங்கற்றது மட்டுமல்ல, பிள்ளை வளர்வதற்கு அவசியமானதும்கூட. கடைசி மாதங்களில் நிலைமை மாறுகிறது. பிள்ளை வளரும் வேகத்துக்கு ஈடாகத் தசை வளர்வதில்லை, சுவர் மெலிந்து, நிறைமாதத்தில் ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டருக்குள் வந்துவிடுகிறது, இழுவிசை ஏறுகிறது. அதுவரை வளரச் சொன்ன அதே இழுவிசை, இப்போது சுருங்கத் தயாராகும்படி தசைக்குச் சொல்லத் தொடங்குகிறது.

அந்தத் தயாரிப்பு எத்தகையது என்பது மிக முக்கியம். கர்ப்ப காலத்தின் பெரும்பகுதியில் கருப்பையின் தசைச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. ஆங்காங்கே சில செல்கள் சுருங்கும். அந்தச் சுருக்கம் பரவாமல் அங்கேயே அடங்கிவிடும். நம் வீடுகளில் சூட்டு வலி என்று சொல்லி, சீரகத் தண்ணீர் கொடுத்துப் படுக்கச் சொல்வது பெரும்பாலும் இதற்குத்தான். மெய்யான பிரசவ வலிக்கு, கோடிக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் ஒரே கட்டளைக்குச் சுருங்க வேண்டும். அதற்காகச் செல்லுக்கும் செல்லுக்கும் இடையே கனெக்சின்-43 என்ற புரதத்தால் ஆன நுண்ணிய வழிகள் உருவாகின்றன. தண்டையார்பேட்டையின் பழைய ஒண்டிக் குடித்தன வீடுகளில் ஒவ்வொரு குடும்பமும் தன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் ஒரு வீட்டுச் சேதி அடுத்த வீட்டுக்குப் போகாது, எல்லாக் கதவுகளும் திறந்திருந்தால் ஒரு குரலுக்கு மொத்த வரிசையும் வெளியே வந்துவிடும். அந்த நுண்வழிகள் செய்யும் வேலையும் இதுதான். இவற்றோடு, ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் தசைச் செல்களின் மேல் பன்மடங்காகப் பெருகுகின்றன. நாம் வலி வருவதற்காக ட்ரிப்ஸில் கலந்து ஏற்றும் மருந்தும் அதே ஆக்ஸிடோசின்தான். ஏற்பிகள் பெருகாத ஐந்தாம் ஆறாம் மாதத்தில் அந்த மருந்துக்குக் கருப்பை அவ்வளவாக அசைந்து கொடுக்காது என்பதும், நிறைமாதத்தில் மிகச் சிறிய அளவுக்கே சுருங்கத் தொடங்கும் என்பதும் பிரசவ அறையில் வேலை செய்த ஒவ்வொரு செவிலியரும் கண்ணால் கண்டவை. புராஸ்டாகிளாண்டின் எனப்படும் பொருள்களும் கருப்பைச் சுவரிலும் பனிக்குடச் சவ்விலும் கூடுதலாகச் சுரந்து, ஒருபுறம் தசையைச் சுருக்குகின்றன, மறுபுறம் கருப்பை வாயை இளக்குகின்றன.

இந்த மாற்றங்களை விரிவு உண்மையிலேயே தூண்டுகிறதா, அல்லது இரண்டும் ஒரே சமயத்தில் நிகழ்கின்றனவா என்று கேட்பது நியாயம். இதற்கு விடை தந்த சோதனைகளில் எனக்கு மிகத் தெளிவாகப் படுவது, 1990களின் பிற்பகுதியில் கனடாவின் டொராண்டோ நகரில் ஸ்டீபன் லை என்பவரின் குழுவினர் எலிகளில் செய்தது. எலியின் கருப்பைக்கு இரண்டு கிளைகள் உண்டு. ஒரு கிளையில் மட்டும் குட்டிகள் தங்கும்படியும் மறு கிளை வெறுமையாக இருக்கும்படியும் செய்தார்கள். இரண்டு கிளைகளிலும் ஒரே ரத்தம் ஓடுகிறது, ஹார்மோன்களும் ஒன்றே. ஆனாலும் பிரசவ நேரத்தில் குட்டிகள் இருந்த கிளையில்தான் கனெக்சின்-43 பெருகியது, வெறுங்கிளையில் பெருகவில்லை. அந்த வெறுங்கிளைக்குள் ஒரு சிறு குழாயைச் செருகி விரித்தபோது அங்கும் பெருகியது. ஆக, ஹார்மோன் மட்டும் போதாது, விரிவும் தேவை என்பது உறுதியானது. அதே சோதனையின் மறுபாதியும் கவனிக்கத் தக்கது. பிரசவத்துக்குப் பல நாள் முன்பு, புரோஜெஸ்ட்ரோன் மிகுந்திருந்த நிலையில், அதே கிளையை விரித்தபோது அந்தப் புரதம் பெருகவில்லை. கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனாகிய புரோஜெஸ்ட்ரோன், விரிவு எழுப்பும் குரலை அடக்கி வைத்திருக்கிறது. இந்த ஹார்மோன் கருப்பைத் தசைக்கு ஒரு தடை போல் இருக்கிறது என்ற கருத்தை ஹங்கேரியில் பிறந்த ஆர்பாட் சாப்போ 1950களிலேயே முன்வைத்திருந்தார். எலிகளுக்குப் பிரசவத்துக்கு முன் இந்த ஹார்மோனின் அளவு ரத்தத்தில் இறங்குகிறது. பெண்களுக்கு அளவு இறங்குவதில்லை. ஆனால் தசைச் செல்களில் உள்ள அதன் ஏற்பிகளின் வகை மாறி, அது செயல்படும் வலிமை குறைகிறது.

எலியில் கண்டதை வைத்துப் பெண்ணைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பவர்களுக்கு, அதற்குப் பின் வந்த ஆய்வுகளைச் சொல்லலாம். சிசேரியனின்போது பெண்களின் சம்மதத்தோடு எடுக்கப்பட்ட சிறு தசைத் துணுக்குகளின் செல்களை நெகிழும் தகட்டில் வளர்த்து, அந்தத் தகட்டை இழுத்துப் பார்த்தார்கள். இழுத்த செல்களில் ஆக்ஸிடோசின் ஏற்பியும், புராஸ்டாகிளாண்டினை உண்டாக்கும் நொதியும், அழற்சியைக் கிளப்பும் பொருள்களும் கூடின. 2015இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த கிறிஸ்டினா ஆடம்ஸ் வால்டார்ஃப் குழுவினர், கர்ப்பமுற்ற குரங்குகளின் கருப்பைக்குள் பலூனை வைத்து ஊதிப் பெரிதாக்கியபோது, எந்தக் கிருமியும் இல்லாமலேயே அழற்சிப் பொருள்கள் பெருகி, குறைமாத வலி தூண்டப்பட்டதை வெளியிட்டார்கள். பனிக்குடச் சவ்வும் இதே வகையில் இழுவிசைக்கு ஆளாகிறது. இழுபடும் சவ்வில் அதை நொய்யச் செய்யும் நொதிகள் சுரக்கின்றன. இரட்டைப் பிள்ளைத் தாய்மார்களுக்கு வலியே இல்லாமல் பனிக்குடம் முதலில் உடைந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வார்டில் நாங்கள் பார்த்ததும் இந்த வரிசைதான். ஒரு பிள்ளை என்றால் 40 வாரம் என்று நாள் குறிக்கிறோம். இரட்டையர் சராசரியாக 35 அல்லது 36 வாரத்தில் பிறந்துவிடுகிறார்கள். மூவர் என்றால் 32 வாரத்தை ஒட்டி. இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் முடியும் முன்னரே பிறப்பது உலகெங்கும் காணப்படுவது. படுத்திருந்த பணக்கார வீட்டுப் பெண்ணுக்கும், நின்றுகொண்டே மீன் விற்ற பெண்ணுக்கும் இந்த வரிசை ஒன்றாகவே இருக்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக் கூட நாள் குறைவதற்குக் கருப்பையின் மிகை விரிவைக் காட்டிலும் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

இருந்தாலும், விரிவு ஒன்றே பிரசவத்தைத் தொடங்கி வைக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படியானால் நான்கு கிலோ பிள்ளையைச் சுமப்பவர் எல்லாரும் முன்கூட்டிப் பெற வேண்டும். பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை. நஞ்சில் சுரக்கும் ஹார்மோன்கள், பிள்ளையின் சொந்த அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் சமிக்ஞை, அதன் நுரையீரல் முதிர்வது ஆகியவையும் இதில் பங்கேற்கின்றன. நாள் நிறையாத வலிக்குச் சிறுநீர்த் தொற்று, பிறப்புறுப்புத் தொற்று, கருப்பை வாய் குட்டையாக இருப்பது, முன்பு ஒருமுறை குறைமாதத்தில் பெற்றிருப்பது எனப் பல காரணங்கள் உண்டு. ஒற்றைப் பிள்ளைத் தாய்க்கு ஏழாம் மாதத்தில் வலி வந்தால் முதலில் தொற்றைத் தேட வேண்டுமே தவிர, விரிவின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது.

தங்கள் பக்கத்தில் வந்த அந்த வாக்கியங்கள் என்னை ஏன் இவ்வளவு உறுத்தின என்பதையும் சொல்ல வேண்டும். காசிமேட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள் எட்டாம் மாதத் தொடக்கத்தில் பிறந்து, இரண்டும் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தன. அவளுடைய மாமியார் வார்டு வாசலில் நின்றுகொண்டு, "கொடம் தூக்காதன்னு தலபாடா அடிச்சிக்கினேன் சிஸ்டர், கேட்டாளா பாரு" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் குடம் தூக்காமல் அந்த வீட்டில் எப்படிச் சமையல் நடக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. தையல் போட்ட வயிற்றோடு, பால் சுரக்காத கவலையோடு படுத்திருந்த அந்தப் பெண், தன் பிள்ளைகளுக்குத் தானே தீங்கு செய்துவிட்டதாக நம்பினாள். இப்படி நம்பிய பெண்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தியாவது தங்கள் பக்கத்தைப் படித்திருப்பாள் என்பதே என் வேதனை.

இரட்டைப் பிள்ளைத் தாய்மார்களை மருத்துவமனையில் சேர்த்தே படுக்க வைத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, அதனால் குறைமாதப் பிறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. மாறாக, நீண்ட நாள் படுத்திருந்தால் காலின் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது, தசை வலுவிழக்கிறது. தினக்கூலியில் ஓடும் குடும்பத்தின் வருமானம் நின்றுபோகிறது. கனத்த சுமை தூக்குவதையும் நெடுநேரம் நிற்பதையும் குறைத்துக்கொள்வது நல்லது. அது தாயின் உடலுக்கு இதம். அந்த இதத்துக்காகச் சொல்வது வேறு, செய்யாதவளைக் குற்றவாளியாக்குவது வேறு. அதேபோல், எல்லா இரட்டைக் கர்ப்பத்துக்கும் புரோஜெஸ்ட்ரோன் ஊசி போட்டால் பிரசவம் தள்ளிப்போகும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. 2007இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வாரந்தோறும் போடப்பட்ட ஊசியால் இரட்டைக் கர்ப்பிணிகளுக்குப் பயன் கிடைக்கவில்லை. கருப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்கும் குறைந்திருப்பவர்களுக்கு பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் புரோஜெஸ்ட்ரோன் மருந்து உதவக்கூடும். அதை ஸ்கேன் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

விரிவைக் குறைக்க வழியே இல்லையா என்றால், பனிக்குட நீர் மிகுதியாக இருப்பவர்களுக்கு ஓரளவு உண்டு. ஸ்கேன் அறிக்கையில் ஏ.எஃப்.ஐ. என்று எழுதியிருக்கும் அளவு 25 சென்டிமீட்டரை எட்டினால் நீர் மிகை என்று கொள்கிறோம். அதற்கான காரணங்களில் நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டியது கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிறாக இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுக்கும் சோதனை, சென்னை மருத்துவர் வி. சேஷய்யா அவர்களின் முயற்சியால் நாடு முழுவதும் பரவியது. அதில் அளவு 140ஐத் தொட்டால் சிகிச்சை தொடங்க வேண்டும். குளுக்கோஸ் தண்ணீர் குமட்டுகிறது என்று சோதனையைத் தவிர்க்கும் பெண்கள், சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் பனிக்குட நீர் கூடி, கருப்பை மிகையாக விரிந்து, வலி முன்கூட்டி வரக்கூடும் என்பதை அறிய வேண்டும். இந்தச் சங்கிலியை ஒருமுறை படம் போட்டு விளக்கினால், மறுமுறை அவர்களே மறக்காமல் சோதனைக்கு வந்து நிற்பார்கள்.

இரட்டையர் விஷயத்தில் விரிவைத் தடுக்க முடியாது. வரப்போவதை எதிர்பார்த்துத் தயாராக முடியும். 10 நிமிடத்துக்கு ஒருமுறையோ அதைவிட நெருக்கமாகவோ வயிறு கல்லாக இறுகித் தளர்வது, இடுப்பிலிருந்து முன்புறம் பரவும் வலி, பிள்ளை கீழே இடிப்பது போன்ற பாரம், நீராகவோ ரத்தமாகவோ கசிவு ஆகியவற்றில் எது தோன்றினாலும், இரட்டைப் பிள்ளைத் தாய் அதைச் சூட்டு வலி என்று எண்ணி வீட்டில் ஓர் இரவைக் கழிக்கக் கூடாது. 24 வாரத்திலிருந்து 34 வாரம் வரை, பிள்ளையின் நுரையீரல் விரைவில் முதிர்வதற்கு டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம் ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒருமுறையாக 4 முறை போடப்படுகிறது. நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் 1972இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த சிகிச்சை இது. விலை மிகக் குறைவு, காப்பாற்றும் உயிர்கள் மிக அதிகம். வலியை 48 மணி நேரம் தள்ளிப்போடும் மாத்திரைகள் கொடுப்பதும் பெரும்பாலும் இந்த ஊசிகள் வேலை செய்ய அவகாசம் பெறுவதற்கே. 32 வாரத்துக்கு முன் பிரசவம் உறுதியென்றால் பிள்ளையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட் தரப்படுகிறது. இவை எல்லாவற்றுக்கும் தாய் நேரத்தில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று நம் பக்கத்தில் இன்னும் சொல்கிறார்கள். அது முழுக்கத் தவறு. வயிற்றில் கழியும் ஒவ்வொரு வாரமும் பிள்ளையின் பிழைப்பைக் கூட்டுகிறது. எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளையைக் கைவிட்ட மனநிலையோடு தூக்கி வரும் பாட்டிமார்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் தொண்டை வறண்டதுண்டு.

உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளின் கணக்குப்படி 2020இல் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையும் முன் பிறந்தார்கள். அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் இந்தியாவில். இவ்வளவு பெரிய எண்ணிக்கையின் நடுவே, இரட்டைக் கர்ப்பம் என்பது முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துவிட்டு வரும் ஆபத்து. மூன்றாம் மாத ஸ்கேனிலேயே அது தெரிந்துவிடுகிறது. பிள்ளைகள் இருவருக்கும் நஞ்சு தனித்தனியா, ஒன்றேயா என்பதும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

விரிவு பற்றிய இந்த அறிவு நாள் நிறைந்த பெண்களுக்கும் பயன்படுகிறது. நாள் கடந்தும் வலி வராதவர்களுக்கு மருத்துவர் உள்பரிசோதனையின்போது விரலால் பனிக்குடச் சவ்வைக் கருப்பை வாயின் ஓரத்திலிருந்து மெல்லப் பிரித்துவிடுவதும், சிறுநீர் வெளியேற வைக்கும் ஃபோலி குழாயின் நுனியிலுள்ள பலூனை வாயைக் கடந்து வைத்து 30 முதல் 60 மில்லி லிட்டர் உப்புநீர் செலுத்துவதும் இந்த அடிப்படையில்தான். வாயும் சவ்வும் இழுபடும்போது அந்த இடத்திலேயே புராஸ்டாகிளாண்டின் சுரந்து வாய் இளகுகிறது. கருப்பை வாய் விரிவதால் மூளையடிச் சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் வெளிப்பட்டுக் கருப்பை மேலும் சுருங்குகிறது என்பதை 1941இல் ஃபெர்குசன் என்ற மருத்துவர் முயல்களில் காட்டினார். அவர் பெயரிலேயே அந்த அனிச்சைச் செயல் இன்றும் வழங்குகிறது. சிறுநீருக்கு வைக்கும் குழாயைத் தனக்கு ஏன் வைக்கிறார்கள் என்று தெரியாமல், ஏதோ தவறு நடக்கிறது என்று அஞ்சி அழுத பெண்கள் உண்டு. இரண்டு நிமிடம் உட்கார்ந்து விளக்கினால் அந்த அச்சம் போய்விடும். அந்த இரண்டு நிமிடம் கொடுக்கப்படாத பிரசவ அறைகள் உண்டு என்பதையும், நெருக்கடி மிகுந்த இரவுகளில் செவிலியருக்கு அந்த நேரமே கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாசகர்களுக்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதுவே மிகவும் ஆபத்தானதும்கூட. மிகையாக விரிந்த தசை, பிள்ளைகள் வெளியே வந்த பிறகு இறுகச் சுணங்குகிறது. நஞ்சு பிரிந்த இடத்தில் திறந்திருக்கும் ரத்தக் குழாய்களை அடைப்பது கருப்பைத் தசையின் இறுக்கம்தான்; அது தளர்ந்திருந்தால் உதிரப்போக்கு நிற்காது. ஆகவே வலியை முன்கூட்டி அழைக்கும் அதே விரிவு, பிரசவத்துக்குப் பின் தாயின் உயிருக்கும் ஆபத்தாகலாம். பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது எல்லாத் தாய்மார்களுக்கும் கட்டாயம். இரட்டையர் என்றால் இரண்டாவது பிள்ளையும் பிறந்த பின்பே அதைப் போட வேண்டும், அதன் பின்னும் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தசோகை உள்ள தாய்க்குச் சற்றே கூடுதலான உதிரப்போக்கும் தாங்காது. எனவே ஹீமோகுளோபின் அளவை ஏழாம் மாதத்துக்குள் சரிசெய்துவிடுவதும், ரத்த வங்கியுள்ள மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதும் அவசியம்.

இங்கேதான் நம் வட்டாரத்தின் நிலைமை குறுக்கே வருகிறது. ராயபுரத்தில் ராஜா சர் ராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனையும், அதற்கு அருகே ஸ்டான்லி மருத்துவமனையும் இருப்பது வடசென்னைப் பெண்களுக்குப் பெரும் ஆதரவு. ஆனால் எண்ணூரிலிருந்தோ மணலியிலிருந்தோ ஒரு பெண் அங்கே வந்து சேர, துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலைகளைக் கடக்க வேண்டும். கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட் மூடினால் ஆட்டோவில் காத்திருக்க வேண்டும். ஒற்றைப் பிள்ளைக்குத் தலைப்பிரசவ வலி பல மணி நேரம் நீளும். வந்து சேர அவகாசம் உண்டு. குறைமாத இரட்டையருக்கு அந்த அவகாசத்தை நம்பக் கூடாது.

ஆகவே மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு என் வேண்டுகோள்: இரட்டைப் பிள்ளை அல்லது மிகைப் பனிக்குட நீர் என்று ஸ்கேனில் தெரிந்த ஒவ்வொரு பெண்ணுக்கும், 24ஆம் வாரம் தொடங்கும்போதே, அவருடைய கணவரையும் மாமியாரையும் உடன் உட்கார வைத்து, கருப்பை விரிவதால் வலி முன்கூட்டி வரக்கூடும் என்பதைச் சொல்லுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும், இரவில் 108 வரத் தாமதமானால் யாருடைய வண்டி, எந்த வழி என்பதைத் தாய் சேய் நல அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள். குறைமாத வலியோடு வரும் பெண்ணைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் டெக்ஸாமெத்தசோனின் முதல் ஊசியை அங்கேயே போட்டு அனுப்ப மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இடம் தருகிறது. அந்த மருந்து ஒவ்வொரு நிலையத்திலும் இரவுப் பணியில் இருப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில், பூட்டப்படாமல் இருக்கட்டும். போட்ட நேரத்தை அனுப்பும் சீட்டில் தெளிவாக எழுதட்டும். அப்போதுதான் பெரிய மருத்துவமனையில் இரண்டாவது ஊசி எப்போது என்பதில் குழப்பம் வராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மகப்பேறு செவிலியர்,
தண்டையார்பேட்டை, சென்னை.